இரண்டாம் மாடியில் டயர் செருப்பு

பேய் பிசாசு என்று பேசுகிறவர்களை நான் பக்கத்தில் சேர்த்ததே இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பேளுக்குறிச்சி சந்தையில் மூட்டை தூக்கியவன், இன்றைக்குக் கொல்லிமலையில் மூன்று மாடி லாட்ஜுக்கு முதலாளி. எந்தச் சாமியும் வந்து எனக்குச் செங்கல் தூக்கவில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் கிழவனுக்குக் கிறுக்கு என்று சிரித்துவிட்டுப் போங்கள்.

லாட்ஜில் லிஃப்ட் வைத்தேன். கதவைக் கையால் இழுத்துத் திறக்கிற பழைய மாதிரிதான், ஆனாலும் அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். மலைக்காரர்கள் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் அதில் ஏறுவார்கள். மலைக்குள்ளேயே இருக்கிற தேவனூர் நாட்டிலிருந்து வாழைத்தார் கொண்டுவரும் பொன்னுசாமியும் அப்படித்தான். கறை படியும் என்று தாரோடு லிஃப்டில் ஏற நான் விடுவதில்லை. இரண்டாம் மாடிச் சமையலறைக்குப் படியேறிப் போய்த் தாரை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு லிஃப்டில் இறங்குவான். கீழே வந்த பிறகுதான் செருப்பு ஞாபகம் வரும், மறுபடியும் படியேறுவான்.

"ஏப்பா, உள்ளே சாமியா இருக்குது, செருப்பக் கழட்டறே?" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"சின்ன ஊடு மாதிரி இருக்குதுங்களே. செருப்போட எப்படீங்க நுழையறது?" என்றான்.

இரண்டாம் மாடி லிஃப்ட் கதவின் பூட்டு கெட்டுவிட்டது, பெட்டி வராமலே கதவு திறக்கும், மாற்றும்வரை ஓட்டாதீர்கள் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். சீசன் நேரம், நான் கட்டுக்கம்பியால் கதவைக் கட்டிவிட்டு ஓட்டினேன். கம்பி கழன்றுவிட்டது. பெட்டி மூன்றாம் மாடியில் நிற்க, பொன்னுசாமி கதவைத் திறந்து வெறும் பள்ளத்தில் காலை வைத்தான். சேலத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவனை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் மாடிக்குப் போனேன். கதவு முன்னால் அவனுடைய டயர் செருப்பு, பச்சை ஒயரால் வார் கட்டியது, ஜோடியாக இருந்தது. எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் பள்ளத்தாக்கில் வீசினேன். அன்றைக்கே புதுப் பூட்டும் மாட்டினேன்.

"பூட்டு கெட்டது தெரிஞ்சே ஓட்டுனீங்கன்னா நஷ்ட ஈடு மொத்தமும் உங்க தலையிலதானுங்க. அவனா கீழ இருக்கற லிஃப்ட் குழிக்குள்ள எறங்குனான்னு சொல்லீருங்க, பாத்த ஆளு யாருமில்லை," என்றார் என் வக்கீல். நானும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

லிஃப்ட் அதிகாரி விசாரணைக்கு வந்த அன்று பகலிலேயே மூடுபனி. லாட்ஜ் காலி. லிஃப்ட் ஓடாதபடி அதன் மெயின் ஃபியூஸைக் கழற்றி என் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நான் கீழே உட்கார்ந்திருக்க, லிஃப்ட் கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு நகர்ந்தது. ஃபியூசைத் தொட்டுப் பார்த்தேன், பையில்தான் இருக்கிறது. சத்தம் இரண்டாம் மாடியில் நின்றது. மூச்சு வாங்க ஏறிப் போனேன்.

கதவு முன்னால் அதே செருப்பு. பச்சை ஒயர். முனை கதவைப் பார்த்தபடி, நனைந்து, காப்பி இலை ஒட்டிக்கொண்டு. பள்ளத்தாக்கில் இறங்க வழியே கிடையாது, அது உங்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அதற்குள் அதிகாரி பின்னால் படியேறி வந்துவிட்டார்.

"ஏனுங்க, இது யாரோட செருப்பு?"

என்னுடையது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வந்தது வேறு.

"பொன்னுசாமியுதுங்க. இங்க கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள கால் வெச்சான். பூட்டு கெட்டது எனக்குத் தெரியுமுங்க."

வக்கீல் ஃபோனில் ஏசினார். தீர்ப்பான நஷ்ட ஈட்டை ஒரே தவணையில் கட்டினேன். செருப்பையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த பொன்னுசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு இனி ஜோடி எதுக்குங்க? நீங்களே வெச்சுக்குங்க," என்றான்.

பீரோவில் வைத்துப் பூட்டினேன், சாவி என் அரைஞாணில். லிஃப்டைப் பிரித்து விற்றாயிற்று. ஆனாலும் மாதம் ஒருமுறை பீரோவைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. இடது செருப்பு அன்றைக்கு வைத்தபடியே இருக்கிறது. வலது செருப்பின் குதிகால் மட்டும் தேய்ந்துகொண்டே வருகிறது.