பதினோரு ஈர்க்குச்சிகள்

அந்தக் குச்சிகளை ஏன் நட்டாய் என்று கேட்ட ஒவ்வொருத்தருக்கும் நான் உண்மையைத்தான் சொன்னேன். ஒருத்தர்கூட நம்பவில்லை. பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. எனக்குச் சாமர்த்தியமாகப் பொய் சொல்லவும் வராது, உண்மையைச் சொல்லிக் கரைசேரவும் தெரியாது.

முதலில் என் பொம்மைப் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பழவேற்காட்டில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். சென்னையில் தொழில் பழகிய காலத்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் பிளாஸ்டிக் டாங்கி ஒன்றைப் பார்த்தேன். துண்டு துண்டாக டப்பாவில் இருக்கும், நாமே ஒட்டி நாமே வர்ணம் பூச வேண்டும். அன்றைக்குப் பிடித்தது. டாங்கி, போர் விமானம், பதுங்குகுழியில் படுத்திருக்கும் சிப்பாய்கள் என்று வீட்டு அலமாரி நிறைந்துபோனது. எழுபத்திரண்டு மடங்கு சுருக்கினால் ஒரு மனிதன் என் கட்டைவிரலின் மேல் கணு உயரம்தான் இருப்பான். அவன் சட்டைப் பொத்தானுக்கு வர்ணம் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். என் மனைவி மட்டும் எதையும் அடக்க மாட்டாள். "ஊர்ல ஆம்பளைங்க சீட்டாடுறான், குடிக்கிறான். எனக்கு வாச்சது சொப்பு வச்சி வெளாடுது" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். சொல்லிவிட்டு, ஈர வர்ணத்தில் தூசு விழக் கூடாதென்று விசிறியை நிறுத்திவிட்டும் போவாள்.

ஊரான் சண்டையெல்லாம் செய்து சலித்தபிறகு, நம்மூர்க் கோட்டையைச் செய்தால் என்ன என்று தோன்றியது. டச்சுக்காரன் கட்டிய கோட்டை. இப்போது போய்ப் பார்த்தால் அகழியும் வேலிக்காத்தான் முள்ளும் செங்கல் குவியலும்தான். அதை அந்தக் காலத்தில் இருந்தபடியே நாலு மூலைக் கொத்தளம், பீரங்கி, கொடி, அகலத் தொப்பிச் சிப்பாய்கள், எதிரில் ஏரி என்று ஒரு பலகைமேல் நிறுத்திவிட வேண்டும் என்று ஆசை. முடிக்க இரண்டு வருஷம் ஆனது.

அதில் பாதி வேலை என் அக்காவுடையது. அக்கா ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். எங்கள் குடும்பத்துப் பிழைப்பே அதுதான். வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவி இறாலை எடுத்துப் பறிக்குள் போடுவார்கள். நைனா அப்படித்தான் எங்களை வளர்த்தார். நான் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு தப்பிவிட்டேன். அக்காவின் புருஷன் பக்கவாதத்தில் படுத்தபிறகு, அவள் கையை நம்பித்தான் அந்த வீட்டில் நாலு வயிறு. கோட்டைக்கு எதிரே தண்ணீர் இடுப்பளவே நிற்கும் ஒரு திட்டு உண்டு. அவளும் இன்னும் பத்துப் பெண்களும் அங்கேதான் தடவுவார்கள்.

என் பலகைக்கு மண்ணும் அந்தத் திட்டிலிருந்துதான் வந்தது. ஏரி மண்ணை அப்படியே ஒட்டினால் மழைக்காலத்தில் உப்புப் பூத்து வர்ணத்தைத் தின்றுவிடும். அக்கா அதைக் குழாய்த் தண்ணீரில் ஏழு தரம் அலசி, வெயிலில் காயவைத்து, பழைய புடவைத் துணியில் சலித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தரமும் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். "இன்னும் கரிக்குதுடா" என்று மறுபடி அலசுவாள்.

அலசிக்கொண்டே ஒருநாள் கேட்டாள். "தம்பி, எங்களையும் வைப்பியாடா இதுல?"

"வைக்கிறேன்க்கா. மொதல்ல கோட்ட முடியட்டும்."

பலகையில் ஏரித் தண்ணீரைக் காட்ட ரெசின் என்கிற பிசினை ஊற்ற வேண்டும். ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகிக்கொள்ளும். இறுகியபிறகு பார்த்தால் கோட்டைக்கு எதிரே, சரியாக அந்தத் திட்டு இருக்கும் இடத்தில், ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டிருந்தது. தப்பு வந்த இடத்தில் ஒரு புதரை வை, பீப்பாயை வை, மூடி மறை என்பது இந்த வேலை செய்கிற எல்லாரும் செய்வதுதான். ஆனால் தண்ணீருக்கு நடுவில் புதரை எங்கே வைப்பது? துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவிப் பதினோரு துண்டு நறுக்கினேன். குமிழியைச் சுற்றி ஊசித் துளை போட்டு வளைவாக நட்டேன். வலை கட்டும் கழிகள் மாதிரி அச்சாக இருந்தது. குமிழி தெரியவே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வைக்கக் கேட்டார்கள். கொண்டுபோய் வைத்தேன். கீழே இரண்டு வரி எழுதித் தாருங்கள் என்றார் ஒரு ஆசிரியர். நான் எழுதியது இது: "டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காடு. பழைய வரைபடங்களை ஆராய்ந்து, உள்ளது உள்ளபடி அமைத்தது." ஆராய்ந்தாராம் துரை! கைப்பேசியில் மூன்று படம் பார்த்தேன், அவ்வளவுதான். மூன்றிலும் கோட்டைதான் இருந்தது. ஏரி ஓரமாக ஒரு கோடு. அந்த ஏரி முழுக்க என் சொந்தக் கற்பனை. ஆனாலும் அந்த வரியை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

விழாவுக்கு ஏரியின் வடக்குப் பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கழி நட்டு வலை கட்டுகிறவர்கள். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று தங்களுக்குள் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கையால் பிடிக்கிற எங்களுக்குப் பாடு கிடையாது. கோட்டைத் திட்டும் தங்கள் பாடுதான், பெண்கள் மிதித்து மிதித்து இறாலைக் கலைத்துவிடுகிறார்கள் என்று அவர்களுக்குப் பல வருஷக் குறை. ஆதாரமாகக் காட்டுவதற்குத்தான் கையில் ஒன்றுமில்லை. அவர்களில் ஒரு பெரியவர் என் பலகை முன்னால் நின்றார். கண்ணாடியை மாட்டினார். குனிந்து எண்ணினார்.

"பதினொண்ணு. பாருங்கடா, டச்சுக்காரன் காலத்துலயே நம்ம கழி நின்னுகினு இருந்திருக்குது."

நாலைந்து பேர் படம் எடுத்தார்கள். என் வேலையை ரசிக்கிறார்கள் என்று நினைத்து நான் பக்கத்தில் நின்று இளித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, எஞ்சின் கொண்டுவந்த ஒருவர்தான் சொன்னார். "இன்னாபா, உங்க அக்கா பொழப்புக்கு நீயே ஆப்பு வச்சிட்டியாமே?" ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசப் போகிறார்கள், என் பலகையையும் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்றார். வீட்டுக்கு ஓடி, இடுக்கியை எடுத்து, பதினோரு குச்சியையும் பிடுங்கிப் போட்டேன். ஒவ்வொரு குச்சியோடும் ரெசின் சில்லுப் பெயர்ந்து வந்தது. ஒரு கடுகு உட்காருகிற மாதிரி பதினோரு குழிகள், வளைவு மாறாமல் அப்படியே நின்றன.

மனைவி வந்து பார்த்தாள். தலையில் கைவைத்துக்கொண்டாள். "குச்சி இருக்கசொல்ல, அது சும்மா அழகுக்குன்னாவது சொல்லியிருக்கலாம். இப்ப நீ எதையோ மறைக்கிறேன்னுதானே நெனைப்பாங்க?"

அவள் வாய் முகூர்த்தம், அப்படியே ஆனது. மண்டபத்தில் பலகையை இறக்கிவைத்ததும் பெரியவர் கைப்பேசிப் படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கைவிரலால் குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இல்லாத கழிய எதுக்குப்பா புடுங்குன?"

"பெரியவரே, அது கழியே இல்ல. ரெசின்ல ஒரு குமிழி வந்துச்சி. அத மறைக்கத்தான் குச்சி வச்சேன். மெய்யாலுமே."

மண்டபம் சிரித்தது. "எத்தினியோ தலமொறை சமாச்சாரத்த குமிழின்றான் பாரு!" என்றார் ஒருவர். "உள்ளது உள்ளபடின்னு உன் கையாலதானே எழுதி வச்ச?" என்றார் இன்னொருவர். அந்த அட்டையையும் படம் எடுத்திருந்தார்கள். நான் குமிழியைக் காட்டினேன். கண்ணருகில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அது. யாரும் குனியவில்லை. அக்காவுக்காகப் பேச்சை மாற்றுகிறான் என்று எங்கள் பக்கத்திலேயே முணுமுணுத்தார்கள். தலை தலையாய் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நடுவராக மீன் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர், நல்ல மனுஷர். அக்காவுக்கு ஒரு வழி விடத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார், எனக்குத் தெரியும்.

"ஏம்மா, நீங்களும் அந்தக் காலத்துலேர்ந்தே அங்க தடவுறீங்கன்னு சொல்றே. உன் தம்பி செஞ்சதுதானே இது. இதுல நீங்க எங்க இருக்கீங்க, காட்டேன்."

அக்கா எழுந்து வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பலகையின் மேல் குனிந்தாள். கோட்டைப் பக்கம் பார்த்தாள். தண்ணீர் ஓரம் பார்த்தாள். பலகையைச் சுற்றி மறுபக்கம் போனாள். ஏரிமேல் நிறுத்தியிருந்த ஒரு பொம்மைப் படகுக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை, எங்கோ வைத்திருப்பேன் என்று தேடினாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

"எங்கடா கீறோம்?" என்று என்னைப் பார்த்தாள்.

கழுத்தளவு தண்ணீரில் இருக்கிற ஒருத்தியை எழுபத்திரண்டு மடங்கு சுருக்கினால் மிஞ்சுவது கடுகளவு தலை. அதில் என்னத்தைப் பூச, யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். முப்பத்தாறு சிப்பாய்களுக்குத் தொப்பியில் இறகு வைத்தேன். பொத்தான் வைத்தேன். ஒருத்தனுக்குச் செருப்பு வார்கூட வைத்தேன். இதை அந்த மண்டபத்தில் எப்படிச் சொல்வது? அக்கா என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

கோட்டைத் திட்டில் இனிக் கையால் தடவக் கூடாது என்று முடிவானது. தெற்கே, தண்ணீர் ஆழமாகவும் அடியில் மட்டிச் சிப்பி நெருக்கமாகவும் இருக்கும் பக்கம் போய்க்கொள்ளச் சொன்னார்கள். போனார்கள். அக்கா காலையில் போய் வெயில் சாயத் திரும்பினாள். பறியில் ஒரு கைப்பிடி இறால், பத்து விரலிலும் சிப்பி கிழித்த கோடு. ஒரு வாரத்தில் பெருவிரல் பழுத்துவிட்டது. என்னிடம் அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. நாலு அறை விட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே வேலைதானே. சமையலறையிலிருந்து கடுகு எடுத்துவந்தேன். பதினோரு குழியிலும் ஒவ்வொரு கடுகாக ஒட்டினேன். ஊசி முனையால் முகத்துக்குப் பழுப்பு வைத்து, பின்பக்கம் கறுப்பாகவே விட்டுவிட்டேன், தலைமுடிக்கு. அக்காவோடு தடவும் பெண்கள் பத்துப் பேர். அவளோடு பதினொன்று. கணக்குச் சரியாக வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு இதைச் செய்கிறாய் என்று மனைவி கேட்கவில்லை. அன்றைக்கும் விசிறியை நிறுத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் அக்கா விரலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பலகையைப் பார்த்தாள். கிட்டே போய்க் குனிந்து, கட்டுப்போட்ட விரலால் எண்ணினாள்.

"இதுல நான் எதுடா?"

கோட்டை வாசலுக்கு நேரே இருந்த கடுகைக் காட்டினேன்.

"பறி இல்லியேடா வாயில" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கண்ணெதிரில் தினம் பார்த்தது, நான் பிறந்ததிலிருந்து பார்த்தது. "வச்சிடுறேன்க்கா. ஓலை நார்ல ஒண்ணு கிள்ளி வச்சிடுறேன்" என்றேன்.

"அத அப்புறம் வையி." அவள் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி வந்திருந்தது. பலகையின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல் கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது, அதையும் கவனிக்கவில்லை. "இப்பத்தான் நாங்களும் கீறோமே. அந்தப் பக்கம் புடி, தம்பி. பாய்கிட்ட எடுத்துகினு போயி காட்டலாம் வா. பெரியவரையும் கூப்பிடச் சொல்லலாம். அவுங்க கண்ணால பாக்கட்டும்."

அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுமுனையைப் பிடித்துத் தூக்கினேன். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். பசை வாசனை இன்னும் போகவில்லை.