ஒன்பதாவது தூக்குச்சட்டி

என் மாமு, அதாவது என் அம்மாவின் அண்ணன், காலமாகி நாற்பது நாள் ஆகப் போகிறது. விருதுநகர் பஜாரில் அவருக்கு வைத்த பிளெக்ஸ் பேனரில் பெயருக்கு முன்னால் பதினான்கு பட்டங்கள் இருந்தன. வத்தல் மண்டி அதிபர், பட்டாசுக் கம்பெனி உரிமையாளர், ஜமாஅத்தின் முன்னாள் தலைவர், ரத்ததானக் குழுப் புரவலர் என்று போய் 'குடும்ப விளக்கு' என்று முடிந்தது. விளக்கு என்று பெண்களைத்தான் சொல்வார்கள் என்று மாமுவின் மகனுக்குச் செல்போனில் சொன்னேன்.

"அதெல்லாம் யாரு பாக்கப் போறா மச்சான்? நீங்க நினைவு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. சின்ன வயசுல எங்க அத்தாகூட அம்புட்டு ஊரும் சுத்துனவுக நீங்கதானே" என்றான்.

இரண்டு பக்கத்துக்கு நல்ல விஷயங்கள் இல்லாமல் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது பதினொரு இரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஐந்து பெண்களையும் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். பஞ்ச காலத்தில் சொந்த வண்டிகளில் ஏழு தெருவுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். இரங்கல் கூட்டத்தில் ஆறு பேர் பேசினார்கள். அதில் நான்கு பேர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அவர் கட்டிக் கொடுத்த பள்ளிக்கூடத்தைச் சொன்னார்கள். சொந்தமோ பள்ளிவாசலோ இல்லாத அந்த ஊரில் எதற்குக் கட்டினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஐந்து நாளாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை. மாமுவின் காரில் ஏறுவதற்காக மூன்று நாள் அழுது அனுமதி வாங்கியிருந்தேன். சிவகாசியில் சட்டைத்துணி எடுத்துவிட்டு அவருடைய பட்டாசுக் கம்பெனியைப் பார்ப்பதாக ஏற்பாடு. பாதி வழியில் சைக்கிளில் வந்த ஒருவன் காரை மறித்து ஏதோ சொன்னான். மாமு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சட்டைத்துணி எடுக்காமலே போனோம்.

கம்பெனியில் மருந்து கலக்கும் கொட்டகை இருந்த இடத்தில் நான்கு மூலைக் கல் மட்டும் நின்றது. உள்ளே இருந்தவர்களை எண்ணிச் சொல்லும் நிலையில் எதுவும் இல்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். கிடைத்ததைச் சாக்குகளில் கட்டி லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். என்னை அந்தப் பக்கம் விடவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள்.

அந்த மரத்தடியில்தான் வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் மதியச் சாப்பாட்டை வைப்பது வழக்கம். வெடித்தது சாப்பாட்டு வேளைக்கு முன்னால். எல்லாச் சட்டிகளும் அப்படியே வரிசையாக இருந்தன. எனக்கு எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் அப்போதே உண்டு. முப்பத்தொரு தூக்குச்சட்டி.

போர்மேன் தொண்டை கட்டிய குரலில் கத்தினார். "ஏலே, உசிரோட இருக்கறவுக அவுகவுக சட்டிய எடுத்துக்கிட்டு அங்கன போயி நில்லுங்க. காயம்பட்டவுக சட்டிய வீட்டாளுக எடுங்க."

ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். ஒரு கிழவர் தன் சட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எடுத்ததற்கே வெட்கப்பட்டவர் போல ஓடினார். இருபத்திரண்டு போனது. ஒன்பது மிச்சம். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

ஒன்பதில் ஒன்று சின்னது. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. போர்மேன் அதைப் பார்த்துவிட்டு மாமுவின் காதருகே குனிந்தார். நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன்.

"மொதலாளி, இந்த ஒம்பதுல மஸ்டர் நோட்டுல இருக்கறது எட்டுப் பேருதான். இது தாள் ஒட்டுற பிள்ளை. பத்து வயசுதான் இருக்கும், பேரு எழுதல. இன்னிக்கின்னு பாத்து மருந்து ரூமுக்குத் தாள் கொண்டு போயிருக்கு. தாசில்தார் ஜீப்பு பாலத்தைத் தாண்டிருச்சுங்காக."

மாமு சிறிது நேரம் அந்தச் சட்டியையே பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மருமகனே, பசிக்குதாலே?"

காலையில் நான்கு இட்லி தின்றது. பசித்தது.

"காருக்குள்ள உக்காந்து இதைச் சாப்பிடு. மிச்சம் வைக்காதே."

"யாரு சட்டி மாமு?"

"சாப்பிடுலே."

பழைய சோறு. ஒரு மோர் மிளகாய். அடியில், வாழையிலைத் துணுக்கில் பொதிந்து, ஒரு கருப்பட்டித் துண்டு. அதைக் கடைசிக்கென்று வைத்துக்கொண்டு பதினேழு கவளத்தில் சோற்றை முடித்தேன். மாமு வந்து காலிச் சட்டியை வாங்கி கார் சீட்டுக்கு அடியில் தள்ளினார். வீட்டில் சாப்பிட்டு முடித்ததும், இறைவனுக்கு நன்றி சொன்னோமா என்று எங்களிடம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ் சொன்னியா?"

சொன்னேன். அவர் சொல்லவில்லை.

தாசில்தார் வந்தார். பேனாவால் சுட்டிச் சுட்டி மரத்தடியில் மிச்சமிருந்த சட்டிகளை எண்ணினார். மஸ்டரைப் பார்த்தார். எட்டு என்று எழுதிக்கொண்டார். நான் காருக்குள்ளிருந்து மனக்கணக்குப் போட்டேன். ஒன்பதில் ஒன்று போனால் எட்டு. சரியாக இருந்தது.

ஜீப் கிளம்பிய பிறகுதான் அந்த அம்மாள் வந்தாள். இப்போது பள்ளிக்கூடம் இருக்கிற அந்த ஊர்க்காரி, நாரணாபுரத்தில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவளாம். கேள்விப்பட்டு அங்கிருந்து ஓடியே வந்திருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே மரத்தடிக்குப் போனாள். எட்டுச் சட்டிகளையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இல்ல! எம்புள்ள சட்டி இங்கன இல்ல! தூக்கிக்கிட்டு ஓடிருச்சு கழுத, கருப்பட்டி வச்சு விட்டேன்ல, அதைப் போட்டுட்டா வருவா?" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலை குனிந்துகொண்டார்கள். அவள் மாமுவிடம் வந்தாள். "மொதலாளி, நீங்க பாத்தீகளா? செவப்பு நூலு சுத்துன சட்டி."

மாமு தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். "பயந்து எங்கனயாச்சும் ஓடியிருக்கும். கம்மாய்ப் பக்கம் பாரும்மா" என்றார்.

அவள் கார் ஜன்னலில் என்னைப் பார்த்தாள். "ராசா, நீ பாத்தியாய்யா?"

கருப்பட்டி என் கடைவாயில் இருந்தது. அவள் மகள் சோற்றைத் தின்றவன் நான்தான் என்று தெரிந்தால் அடிப்பாள் என்று பயந்தேன். வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவள் இரண்டு கையையும் உள்ளே விட்டு என் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். பட், பட்டென்று பத்து விரலும் சத்தம் கேட்டது. பிறகு மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி கம்மாய்க் கரையை நோக்கி ஓடினாள். ஓடும்போது சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

அன்று அங்கே அழாமல் போன பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். கார் திரும்பியது. மாமு விருதுநகர் வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கருப்பட்டியைக் கரைய விட்டுக்கொண்டு, அந்த அம்மாளுக்கு மாமு பெரிய நல்லது செய்துவிட்டார், அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டு வந்தேன்.