உப்பளத்து வீட்டில் ஒரு லெவல் டெஸ்ட்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க இல்லை, வேலைக்காக. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு விற்கும் ஒரு கம்பெனியில் சேல்ஸில் இருந்தேன். பஸ் விவரம் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு. மற்றதெல்லாம் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு.

காலை 6.20க்குப் புது பஸ் ஸ்டாண்டில் மன்னார்குடி பஸ். டிக்கெட் 32 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. என் டீம் லீடர் பிரகாஷ் சார் முன் சீட்டில் தூங்கினார். மன்னார்குடியில் பொங்கல், வடை 45 ரூபாய். (பொங்கல் அருமை. சாம்பாரைப் பற்றிப் பேச வேண்டாம்.) அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, பிறகு வேதாரண்யம், இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து 58 ரூபாய். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் வயல் காய்ந்து கிடக்கிறது. ஆற்றுத் தண்ணீர் அங்கே இன்னும் வந்து சேரவில்லை. பத்தேகாலுக்கு இறங்கினோம்.

உப்பளம் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 120 கேட்டு 100க்கு ஒத்துக்கொண்டார். "இங்க வாங்கவும் ஆளு வர்றாங்க, விக்கவும் ஆளு வர்றாங்க. நீங்க எது?" என்றார். "படிப்பு விஷயமாங்க" என்றேன். "அப்ப விக்கத்தான்" என்று சிரித்தார்.

அது எங்கள் ஆபீஸில் 'மதிப்புகள் மாதம்'. தினமும் ஒன்பது மணிக்கு வட்டமாக நின்று, நெஞ்சில் கை வைத்து, கம்பெனியின் ஐந்து மதிப்புகளைச் சொல்வோம். மாணவரே முதல். உண்மையே பேசுவோம். இப்படி ஐந்து. அவற்றில் ஒன்றை வாழ்ந்து காட்டியதாக வாட்ஸப் குரூப்பில் போட்டோ போட்டால் பேட்ஜ் கிடைக்கும்.

நாங்கள் போனது உப்பளத்தில் வேலை செய்யும் கலா அக்கா வீட்டுக்கு. மகள் யாழினி ஏழாம் வகுப்பு. எந்த வீட்டிலும் முதலில் லெவல் டெஸ்ட்தான். பேப்பரின் தலையில் 'ஏழாம் வகுப்பு' என்று இருக்கும். உள்ளே இருப்பது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. பிள்ளை திணறும், அம்மா முகம் மாறும், அப்போது டேப்லெட்டைத் திறந்து வகுப்பை விற்க வேண்டும். இதுதான் எனக்குக் கொடுத்த பயிற்சி. போக வேண்டிய வீடுகளின் பட்டியலில் 'பெற்றோர் படிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பத்தாவதுக்குக் கீழே என்றால் பச்சை நிறம். அங்கே பேப்பரை யாரும் சரிபார்க்க மாட்டார்களாம். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். எங்கள் வீடும் அதில் பச்சையாகத்தான் இருந்திருக்கும். இது தெரிந்தும் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை.

யாழினி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இது எங்க புக்குல இல்லக்கா."

"புக்க மட்டும் படிச்சா போதுமா பாப்பா?" என்றார் சார். குனிந்திருந்த அவளை ஒரு போட்டோ எடுத்தார்.

"கணக்குல தொண்ணூத்தாறுன்னு சொன்னியேடி! பாத்து எழுதுனியா?" என்றார் கலா அக்கா.

"இல்லம்மா, நானாத்தாம்மா எழுதுனேன்." கண்ணீர் பேப்பரில் விழுந்தது. உண்மையாக எடுத்த தொண்ணூற்றாறை அவள் அம்மா இனி நம்பப்போவதில்லை.

"அது ஒன்பதாவது கணக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "யாழினிக்குத் தெரியாததுல தப்பே இல்லங்க. தலைப்புதான் பொய்."

சார் சிரித்து மழுப்பினார். "புதுப் பொண்ணுங்க, கன்பியூஸ் ஆயிட்டாங்க."

கலா அக்கா பேப்பரை அவரிடம் நீட்டினார். "சரி சார், ஏழாவது கணக்குதானே? நீங்க போட்டுக் காட்டுங்க."

முதல் கேள்வியே சைன், காஸ். சார் பேனாவைத் திறந்தார், மூடினார். "நான் காமர்ஸ்ங்க."

"அப்ப எம்புள்ளை மட்டும் எதுக்கு சார் அழுவணும்?"

வெளியே வந்ததும் சார் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் குரூப்பைப் பார்த்தேன். யாழினி குனிந்திருக்கும் போட்டோ, கீழே 'மாணவரே முதல்'. நாற்பத்தோரு பேர் கை தட்டியிருந்தார்கள். அழுகிற பிள்ளையைக் காட்டிப் பேட்ஜ் வாங்குகிறவர்கள் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எந்த நெஞ்சில் கை வைப்பார்கள்?

உப்பளம் பார்க்கப் போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள். பிறகு வெயில் கண்ணைத் திறக்க விடாது. குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும். வீட்டுக்கு டெஸ்டோடு யாராவது வந்தால் பிள்ளையின் பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். "எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம்.

அன்று கிளம்பும்போது கலா அக்கா வாசல்வரை வந்து என்னிடம் ஒன்று கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தன வீட்டுலம்மா இந்த டெஸ்ட வச்சீங்க?" பதினொன்று. முதல் வீடு ஒரத்தநாட்டில். போன ஞாயிறு அங்கே போனேன். தஞ்சாவூரிலிருந்து 22 கிலோமீட்டர், டிக்கெட் 20 ரூபாய். என்னைப் பார்த்ததும் அந்த வீட்டுச் சிறுமி "டெஸ்ட் வேணாம்மா" என்று உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி வாசலில் நின்று கத்தினேன்: "அது ஒன்பதாவது கணக்கு பாப்பா! நாங்கதான் பொய் சொன்னோம்!"