கூடைக்குள் இருந்த மருந்து போத்தல்

நான் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தவள். எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும், ஞாபகமும் நழுவுகிறது. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழே, கோலா தெர்லா பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில், பர்மாவில் ஊரையே கொளுத்திவிட்டதால் தப்பி வந்த சில குடும்பங்கள் பெர்மிட் இல்லாமல் ஒளிந்திருந்தன. அங்கே பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. எங்கள் சர்ச் ஆட்கள் சொல்லி, பிரிஞ்சாங் டவுனிலிருந்து ஒரு டாக்டரம்மா வெள்ளை வேனில் வந்தார். வேனைக் கண்டதும், இமிகிரேஷன் ஆபீசர்கள் பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று எல்லாரும் தேயிலைக்குள் ஓடிவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை. அவள் தூக்கிக்கொண்டு ஓடிய கைக்குழந்தைதான் ரொம்ப மோசம். காலையிலிருந்து அழக்கூட இல்லையாம்.

டாக்டரம்மா தேடிப் போய் ஒரு தேயிலை நிரை ஏறினால் அவள் இரண்டு நிரை ஏறினாள்.

"கொழுந்து பறிக்கிறவங்களப் பாத்தா அவ ஓட மாட்டாம்மா" என்றேன் மெல்ல.

என் முக்காட்டையும் கூடையையும் டாக்டரம்மாவுக்கு மாட்டிவிட்டேன். நரம்பில் ஏற்றுகிற மருந்து போத்தலைக் கூடையில் வைத்து மேலே கொழுந்தைப் போட்டோம்; ஊசியும் குழாயும் அவர் சட்டைப் பையில். இரண்டு பேரும் பறிக்கிற மாதிரியே ஏறினோம். பாதியில் கங்காணி வந்துவிட்டார்.

"ஏய் பொண்ணு, புது ஆளா? கொழுந்து பறிக்கச் சொன்னா கட்டைய ஒடிக்கிற! அக்கா, இத யாரு சேத்துவிட்டது?"

நான் குனிந்து கொழுந்தைப் பறித்தேன். டாக்டர் என்று சொன்னால் மேலே இருப்பவளுக்குக் கேட்டு மறுபடி ஓடிவிடுவாள்.

"சாரி அங்கிள், இப்பத்தான் கத்துக்கிறேன்லா" என்றார் டாக்டரம்மா.

"அங்கிளா? கூடையக் காட்டு!" கையை விட்டுப் போத்தலை இழுத்தார். "எடை கூட்டத் தண்ணி போத்தலா! கல்லு வெச்சவளப் பாத்திருக்கேன், ஈர மண்ணு வெச்சவளப் பாத்திருக்கேன், இது புதுசுலா!" ஊருக்கே தெரிய அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

இரண்டு நிரை தள்ளி அந்தப் பெண் எழுந்து நின்றாள். இப்படித் திட்டு வாங்குகிறவள் ஆபீசராக இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளையோடு தானே இறங்கி வந்தாள்.

டாக்டரம்மா அங்கேயே உட்கார்ந்து, பிள்ளையின் காலில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றி, குழாயைப் போத்தலில் மாட்டினார். கங்காணி கையில் போத்தல் அப்படியே இருந்தது.

"கைய இறக்காதீங்க அங்கிள்."

"நான் எதுக்குமா..."

"இறக்காதீங்க!"

அவர் இறக்கவில்லை. என்னைப் பார்த்து, "சேந்த மொத நாளே என்னய வேல வாங்குது பாருங்கக்கா" என்றார். அவர் சொல்லி முடிக்கவும் பிள்ளை அழுதது. முதலில் பூனைக்குட்டி மாதிரி, அப்புறம் நன்றாகவே. தாய் அதே வெள்ளை வேனில் ஏறிப் போனாள்.

கடைசி வரை கை மாற்றாமல் பிடித்ததாகக் கங்காணி இப்போது சொல்லிக்கொள்கிறார். மாற்றினார் என்றுதான் எனக்கு ஞாபகம். டாக்டரம்மாவைப் பிரிஞ்சாங்கில் பார்ப்பவர்கள் யாராவது கேட்டு, நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.