இஸ்மாயில் நானாவின் பர்னர் வெடிக்கவில்லை

இஸ்மாயில் நானா நேற்றுக் காலை காலமாகிவிட்டார். நெஞ்சு வலி. பர்னர் வெடிக்கவில்லை.

நான் இங்கே எதுவும் எழுதுவதில்லை... லைக் போடுவதோடு சரி. ஆனால் ஒரு குரூப்பில் "வீட்டில் செய்த கேஸ் பர்னர் வெடித்து திகனயில் கடைக்காரர் பலி" என்று போட்டிருக்கிறார்கள். கூடவே எரிந்துபோன ஒரு கடையின் படம். ஊர் எங்கள் திகனதான், ஆனால் அந்தப் படம் எங்கள் கடை இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானா சட்டி பானை திருத்தும் கடை வைத்திருந்தார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் அங்கேதான் வேலை செய்கிறேன். 'செய்தேன்' என்று எழுத வேண்டுமா, தெரியவில்லை.

கோயில், பள்ளிவாசல், பௌத்தர்களின் பன்சலை... எல்லா இடத்துப் பெரிய சோற்றுப் பானையும் எங்களிடம் வரும். பாதிக்கு மேல், பிடித்துத் தூக்குகிற காது உடைந்துதான் வரும். இரும்பில் காது வைத்தால் துருப்பிடிக்கும். அலுமினியத்தை நாங்களே உருக்கி வார்க்க வேண்டும் என்பது நானாவின் ஆசை.

ஒரு பழைய பெயிண்ட் வாளிக்குள் களிமண்ணும் செங்கல் தூளும் அப்பி சின்ன உலை ஒன்று செய்தோம். முதலில் கரி போட்டோம். புகை தாங்க முடியாமல் பக்கத்துத் தையல் கடை அக்கா சண்டைக்கு வந்துவிட்டார். அதனால்தான் கேஸ்.

பர்னர் செய்ய எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. என் போனில் வீடியோ பார்த்தோம். பேசுவது புரியாது, கையை மட்டும் பார்ப்போம். ஒரு இரும்புக் குழாய், அதன் பின்பக்கம் காற்று நுழைய ஒரு அகன்ற வாய், நடுவில் கேஸ் வருவதற்குப் பழைய மண்ணெண்ணெய் அடுப்பின் நிப்பிள்.

பற்ற வைத்தால் விரல் அளவுக்கு ஒரு நெருப்பு. பிறகு 'டப்' என்று அணைந்துவிடும்.

"என்ன புள்ள இது... இதுல ஒரு பிளேன்டிக்குத் தண்ணி சூடாக்கவும் ஏலாதே" என்றார் நானா.

நானாவின் மனைவி, எங்கள் ராத்தா, கடைக்குப் பின்னால் வீட்டிலிருந்து சத்தம் போட்டார். "பிளேன்டி வேணுன்டா எனக்கிட்ட கேட்டா போதுமே. அதுக்கா இவ்வளவு கூத்து?"

கழற்றினோம், பூட்டினோம். நிப்பிளை ஊசியால் குத்தினோம். திரும்பவும் கழற்றினோம். அதே விரல்தான்.

ஒருநாள் கொத்து ரொட்டிக் கடையில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தேன். அங்கே அடுப்பு இரைகிற இரைச்சலில் பேசுவது கேட்காது. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அவர்களுடைய ரெகுலேட்டர் வேறு மாதிரி இருந்தது, திருகுகிற கைப்பிடியோடு. நாங்கள் மாட்டியிருந்தது ராத்தாவின் சமையலறை ரெகுலேட்டர். அது கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும்.

இதைச் சொல்ல எனக்குப் பின்னேரம் ஆகிவிட்டது.

"நானா... ரெகுலேட்டர்."

"ரெகுலேட்டருக்கு என்ன?"

"கொத்துக் கடையில வேற மாதிரி. பெருசு. நம்மளது குசினியில உள்ளது."

நானா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு குத்தமும் செய்யாத பர்னரோட இத்தன நாளா நான் சண்ட புடிச்சீக்கிறேனே..."

அன்று மாற்றிப் பற்ற வைத்தபோது நீல நெருப்பு இரைந்துகொண்டு வந்தது. தையல் கடை அக்காகூட எட்டிப் பார்த்தார். "யா அல்லாஹ், இது எங்கட வீட்டக் கொண்டு போற நெருப்பு" என்றார் ராத்தா. ஆனால் உள்ளே போகவில்லை, நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

நானா ஒருநாளும் அதைக் கடைக்குள் வைத்துப் பற்ற வைத்ததில்லை. வாசலில்தான். ஷட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள், எனக்கு வெட்கமாக இருக்கும்.

"உள்ளுக்கு வச்சிக்குவோமா நானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏலா புள்ள. கேஸ் கசிஞ்சா கீழ தேங்கும். இன்னொண்டு, மூடின கடைக்குள்ள நான் கேஸோட என்ன செய்றேன்னு ஆக்கள் கதைக்கத் தொடங்கினா... முஸ்லிம் ஆக்கள் எங்களுக்கு அந்தக் கதை கூடாது. எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாரும் பார்த்தார்கள். அந்தக் கதை வந்துவிட்டது.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தார்கள். நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். நானாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அழுகையும் வரவில்லை.

ராத்தாவின் தம்பி அந்தப் போஸ்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "பொலிஸ் வர முந்தி அந்த சாமான ஒடச்சி எறிங்க" என்று கத்தினார். ராத்தா தலை நிமிராமல் சொன்னார், "இந்தப் புள்ளகிட்ட கேளு. இவதான் பக்கத்துல இருந்தா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.

இன்று காலை வழக்கம்போல பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டேன். வந்து நின்ற பிறகுதான் ஞாபகம்... சரி. கீழே உள்ள படம் அப்போது எடுத்தது. பர்னர் முழுதாக இருக்கிறது. உலையில் ஒரு கீறல்கூட இல்லை.

நேற்று அங்கே கேட்டதற்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சிலிண்டர் மாட்டப்படவே இல்லை. நானா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பானைக் காதை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். "கை மரத்துப்போற மாதிரி ஈக்குது புள்ள" என்றார். அரத்தைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

ஒரு சத்தமும் வரவில்லை.

அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் இதை அங்கே போடுங்கள். என்னை அங்கே போட விடவில்லை.

சரி நானா... நான் வர்றேன்.