மேல்கீழ் ஆட்டம்

காலையில் பக்கத்து ஊரை உலுக்கிய நிலநடுக்கத்தைப் பற்றி ஆபீசில் முதலில் வாய் திறந்தவர் வரைபடம் போடுகிறவர்.

"பக்கவாட்டுல ஆடலயாம். கீழேருந்து தூக்கிப் போட்டுச்சாம். மச்சானோட கூட்டாளி சொன்னானாம், படுத்திருந்தவன் கட்டிலோட எழும்பி விழுந்தானாம்."

"போன மாசம் பறக்குற மாட்டைப் பார்த்தானே, அதே கூட்டாளியா?" என்றார் மேலாளர்.

எல்லாரும் சிரித்தார்கள். கணக்கம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கட்டடம் நிற்குமா என்று கணக்குப் போடுவது அவள் வேலை. பெயரும் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கல்யாணம் வேண்டாமென்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு இந்த நாற்காலிக்கு வந்தவள். விருந்துக்குப் போனாலும் முதலில் உத்தரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பாள். அவளை நம்பித்தான் அக்கா, இந்த ஆபீஸ் வடிவமைத்த அடுக்குமாடியில் வீடு வாங்கினாள். "தங்கச்சி போட்ட கணக்கு, நிம்மதியா தூங்கலாம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஆபீசில் ஒரு பழக்கம். புதுக் கட்டடம் வந்தால் பழையதன் கோப்பை நகலெடுத்து, அளவுகளை மட்டும் மாற்றுவார்கள். அக்கா வீட்டுக் கோப்பையும் அவள் அப்படித்தான் போட்டிருந்தாள். இப்போது திறந்தாள். நிலம் பக்கவாட்டில் ஆடுவதற்கு எல்லாக் கணக்கும் இருந்தது. மேலும் கீழும் ஆடுவதற்கான கட்டம் காலி. பழையது சின்ன வீடு, அதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் அக்கா வீட்டு பால்கனி, தாங்கத் தூணில்லாமல் இரண்டு ஆள் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேல்கீழாக உலுக்கினால் சுவரோடு சேரும் இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

"சார், இதுல மேல்கீழ் ஆட்டத்தைச் சேர்க்கவே இல்ல."

"பாரத்துக்குக் கூடுதலா கம்பி வெச்சிருக்கோம்ல, அது பார்த்துக்கும்."

"இந்த நீளத்துக்குமா?"

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை. "மறுபடி ஆடலாம்னு சொல்றாங்க. அக்காவுக்குப் போனைப் போடும்மா."

போனை எடுத்த பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது; மணி அடிக்கும், பேச்சு கேட்காது. போனும் கையுமாக அக்கா பால்கனிக்குத்தான் ஓடுவாள்.

மெசேஜ் அனுப்பினாள், அக்கா பார்க்கவில்லை. வெளியூர் போயிருந்த அத்தானின் போன் அணைந்திருந்தது.

"எடுத்ததும் 'உள்ளயே இரு'ன்னு கத்திடு," என்றார் மேலாளர்.

"'இருடி, வெளிய வரேன்'னு அவ சொன்னப்புறம்தான் நான் சொல்றதே காதுல விழும் சார்."

"போடாம விட்டா? துணி எடுக்கவாச்சும் அங்கதான போவாங்க."

அவள் அக்காவின் எண்ணை அழுத்தினாள். எடுத்துத் தொலை என்று ஒரு மனம், எடுத்துவிடாதே என்று ஒரு மனம். சொல்ல வேண்டியதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள். மணி போய்க்கொண்டே இருந்தது.