லட்சத்தீவு நமக்கெதுக்கு

நான் கடலைப் பார்க்கப் போனது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதுவும் டூரிஸ்ட் வேனில் கன்னியாகுமரிக்கு. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள், நான் சுண்டல் வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் வேனை எடுத்துவிட்டார்கள், ஓடிப்போய் ஏறினேன். அப்பேர்ப்பட்ட ஆளிடம் இன்றைக்கு அந்தமான் கடலில் அலை எத்தனை மீட்டர் என்று கேட்டுப் பாருங்கள், பல் விளக்கிக்கொண்டே சொல்வேன்.

கிணத்துக்கடவில் கொப்பரைக் களம் நடத்தியவனுக்கு இந்தக் கேடு எதற்கு? சொல்கிறேன். முற்றிய தேங்காயை உடைத்து, சிமெண்ட் களத்தில் மூடி மூடியாகப் பரப்பி, வெயிலில் கொஞ்சம் சுருங்கியதும் கொட்டாங்குச்சித் தொட்டியிலிருந்து பருப்பை நெம்பி எடுத்து, மறுபடியும் காயப்போட வேண்டும். நடுவில் மழை பிடித்தால் தீர்ந்தது. பருப்பு பிசுபிசுத்து, பூஞ்சை பிடித்து, கருத்துப் போகும். தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மூடாமல் விட்டால் நனைந்து பிடிக்கும். பூஞ்சைக்கு என்மேல் அப்படியொரு பாசம்.

அந்த வருடம் ஆடி பிறந்ததுமே ஒரு லோடு கருத்துவிட்டது. தோப்பும் காயும் களமும் ஒரு பெரியவருடையது, காயவைத்துக் கொடுப்பது மட்டும்தான் என் பிழைப்பு. அவர் கத்துகிற ஆள் கிடையாது. கத்தினால்கூடத் திருப்பிக் கத்தலாம்.

"ஏனுங் தம்பி, அடுத்த லோடும் இப்படி ஆச்சுன்னா களத்த வேற ஆளுக்கு உட்டுப்போடலாம்னு இருக்கறனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்போம், எங்கள் பக்கம்.

அடுத்த லோடு வந்து மலையாகக் குவிந்து கிடந்தது. உடைக்கலாமா வேண்டாமா? டிவியைப் போட்டால், ஒரு அம்மணி சிரித்த முகமாக, "ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்" என்றது. எந்த ஓரிரு இடம்? அதில் என் களம் உண்டா, இல்லையா? பெய்யக்கூடும் என்றால் பெய்யுமா, பெய்யாதா? "தேங்காய் காயக்கூடுமுங்க" என்று நான் பெரியவரிடம் சொன்னால் விடுவாரா? ரிமோட்டைத் தூக்கி எறிந்தேன். பேட்டரி மூடி இன்றுவரை கிடைக்கவில்லை.

அப்போதுதான் உக்கடத்தில் மீன் கடை வைத்திருக்கும் பாய் ஞாபகம் வந்தது. மீன் லாரி வருமா வராதா என்று தெரிந்துகொள்ள, மீனவர்களுக்கான வானிலை அறிக்கையைத் தினமும் போனில் வாங்கிக் கேட்பார். அந்தக் குரல் பதிவை எனக்கும் அனுப்பச் சொன்னேன். எழுத்தாக அனுப்பினால் பயனில்லை. ஐந்தாம் வகுப்பில் நானும் வாத்தியாரும் ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை இழந்தவர்கள்.

அறிக்கை என்றால் அதுதான் அறிக்கை. எந்தக் கடல், எந்தத் திசைக் காற்று, என்ன வேகம், அலை எவ்வளவு உயரம், யார் எங்கே போகக்கூடாது, எல்லாம் பளிச்சென்று சொன்னார்கள். கடலில் மனுஷன் ஒருத்தனும் குடியிருக்கவில்லை, அதற்கு இத்தனை விவரம். ஜனம் குடியிருக்கிற கிணத்துக்கடவுக்கு ஓரிரு இடம்!

என் சம்சாரம் காய் உடைக்க அரிவாளோடு உட்கார்ந்துகொண்டு கேட்டது, "ஏனுங் மாமா, இன்னிக்கு நம்ம களத்துல அலை எத்தன மீட்டருங்க?"

"உனக்கென்ன தெரியும் அம்மணி? வங்கக்கடல்ல தாழ்வுப்பகுதி உருவாயிருக்குது."

"நம்ம ஊட்டுக் கூரைலயுந்தான் தாழ்வுப்பகுதி இருக்குது. அத என்னைக்கு ஏறிப் பாப்பீங்க?"

பதிவைக் காதில் வைத்துக்கொண்டேன். தாழ்வுப்பகுதி வடக்கே நகர்ந்து ஒடிசாப் பக்கம் போகிறதாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அது போனால் மேகத்தையும் கூட்டிக்கொண்டுதானே போகும்? கல்யாண வீட்டுக்குப் போகிறவன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டா போவான்? பதிவு இன்னும் ஓடியது. கேரளக் கரை, லட்சத்தீவுப் பகுதி, பலத்த மேற்குக் காற்று, கடலுக்குப் போக வேண்டாம் என்றது.

"லட்சத்தீவு நமக்கெதுக்கு?" என்று போனை அணைத்தேன்.

மொத்த லோடையும் உடைத்துப் பரப்பினோம். வெயிலும் அடித்தது. களம் முழுக்க வெள்ளை வெளேரென்று காய்கள் கிடந்தன. தார்ப்பாயை மடித்துக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு, இனி இது எதற்கு என்று அதன்மேலேயே படுத்துத் தூங்கினேன்.

சம்சாரம் போட்ட சத்தத்தில் எழுந்தேன். மேற்கே பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று லாரி மாதிரி வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே சாரல். நாங்கள் தார்ப்பாயை ஒரு பக்கம் இழுத்தால் காற்று மறுபக்கம் இழுத்தது. கடைசியில் தார்ப்பாய் பக்கத்துத் தோப்பு வேலியில் போய் உட்கார்ந்தது. பாதிக் காயை முறத்தில் அள்ளிக் கொட்டகைக்குள் கொட்டினோம். மீதி, கண்ணெதிரே நனைந்தது. சாரல் அதோடும் நிற்கவில்லை. விட்டு விட்டு, நாள் கணக்கில் பெய்தது. அள்ளிப்போட்டதும் வெயில் இல்லாமல் குவியலாகவே கருத்தது.

பாய்க்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஏன் பாய், ஒடிசாவுக்குப் போற மழை எதுக்கு இங்க வருது?"

"அண்ணா, அது அங்க போகப்போக இந்தப்பக்கக் காத்த இழுக்குமுங்க. அரபிக்கடல்ல இருந்து வார காத்து கேரளாவத் தாண்டிக் கணவாய் வழியா உங்க களத்துக்குத்தான் நேரா வரும். அதத்தான லட்சத்தீவுன்னு சொன்னாங்க? ரெண்டு நாளா எனக்கு அந்தக் கரை மீனே வரலைங்க."

"அத எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க மீனாண்ணா வாங்குறீங்க, நான் சொல்றதுக்கு?"

பெரியவர் வந்தார். ஒரு பருப்பை எடுத்தார், முகர்ந்தார், கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"உங்க மேல ஒண்ணும் தப்பில்லீங் தம்பி" என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தப்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கெஞ்சியிருக்கலாம்.

ஆவணியில் களம் பொள்ளாச்சிப் பக்கத்து ஆள் ஒருவர் கைக்குப் போனது. நான் இப்போது அடுத்தவர் தோப்பில் மட்டை உரிக்கப் போகிறேன். மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்கி நிற்கலாம், அது ஒன்றுதான் லாபம். அறிக்கை மட்டும் தினமும் வருகிறது. பாய் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

போன வாரம் அந்தப் பொள்ளாச்சிக்காரர் போன் செய்தார்.

"அண்ணா, உங்களுக்குக் கடல் விவரமெல்லாம் தெரியும்னாங்க. வங்கக்கடல்ல என்னமோ புயல் சின்னமாமுங்க. காய உடைச்சுப் போடலாமுங்களா?"

நான் அறிக்கை கேட்டுக் கிழித்ததும், என் களம் போனதும், இந்த மனுஷன் அதில் நின்றுகொண்டே என்னிடம் கேட்பதும், எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்கு வந்தது. சம்சாரம் எதிரில் நின்று, வேண்டாம் என்று கையை ஆட்டியது.

"ஓரிரு எடத்துல போடுங்க. லேசாவும் போடுங்க, மிதமாவும் போடுங்க. காயக்கூடுமுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.